நிர்வாகக் குழுவும் செயலாளரும்

"நம் சங்கத்தில் பெரியவர் தலைவரா, செயலாளரா?" ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் இவ்வினாவை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். கேட்பவர் பெரும்பாலும் நகைத்துக்கொண்டே கேட்பார், சுற்றியிருப்போரும் நகைப்பர். ஆயினும் விடையை எதிர்நோக்கி எல்லோருடைய காதுகளும் தீட்டப்பட்டிருக்கும். 2018-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பெற்ற நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிவுற்றது. தேர்தல் என்று வரும்போதெல்லாம் வாக்களிக்க வேண்டியவர்கள் அங்கத்தினர்களே. ஆதலின் இவ்வினாவை நகைப்போடு விட்டுவிடாமல், ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம்.

முதலில் நம் பள்ளத்தாக்கில் நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்வோம். ஊர்ப் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டா. சம்பந்தப்பட்ட இருவரும் இன்றும் அவ்வூரிலேயே வாழ்பவர்கள்; எதிரெதிரே வந்தால் வணக்கமும் சொல்லிக்கொள்பவர்கள்.

பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், முதற்போகத்துக்காகச் சூன் மாதத்தில் மதகு திறக்கப்படுவதை நாம் அறிவோம். லோயர்கேம்ப் தொடங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் அந்நீரை நம்பியே நாற்றங்கால் பாவுகிறது. நாற்று வளர்ந்துவிட்டால் காத்திராது. நடவுக்கு முன் அடியுரம் இட வேண்டும். அதற்குச் சங்கத்தின் கிடங்கு திறந்திருக்க வேண்டும். பயிர்க்கடன் பட்டுவாடா ஆகியிருக்க வேண்டும்.

அந்த ஆண்டு அச்சங்கத்தின் கிடங்கு ஏறக்குறைய மூன்று வாரம் திறக்கப்படவில்லை. செயலாளர் இருபது ஆண்டு அநுபவம் உடையவர். எவருக்கு எத்தனை குழி நிலம், எந்தச் சர்வே எண்ணில் என்பதைப் பதிவேட்டைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர். தலைவரோ புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர், படித்தவர், சங்கத்தைச் சீர்செய்ய வேண்டுமென்ற உண்மையான ஆர்வம் உடையவர். வழக்கம்போல் செயலாளர் உரத்துக்கான தேவைப் பட்டியலைக் குழுவைக் கேளாமலே அனுப்பிவிட்டார். உரமும் வந்து இறங்கிற்று. "என்னைக் கேளாமல் வாங்கியது எப்படி?" என்றார் தலைவர். "இருபது ஆண்டாக இப்படித்தான் வாங்குகிறேன்" என்றார் செயலாளர். "இனி என் அநுமதியின்றி ஒரு மூட்டையும் வெளியே போகக்கூடாது" என்று தலைவர் எழுதிக் கொடுத்தார். "அப்படியாயின் குழுவின் தீர்மானம் வேண்டும், அதுவரை பில் போடமாட்டேன்" என்று செயலாளர் எழுதிக் கொடுத்தார். காசோலையில் இருவர் ஒப்பமும் வேண்டும். ஒருவர் ஒப்பமிட்டால் மற்றவர் இடுவதில்லை. குழுக் கூட்டம் இருமுறை கூட்டப்பட்டு, இருமுறையும் கோரம் இன்றிக் கலைந்தது. குழு அங்கத்தினர்களில் சிலர் தலைவர் பக்கம், சிலர் செயலாளர் பக்கம், மற்றும் சிலர் எப்பக்கமும் சேராமல் திருமணம், காதுகுத்து என்று வெளியூர் சென்றுவிட்டனர்.

நாம் சென்றபோது தென்மேற்குச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கிடங்கின் ஒரு மூலையில் ஓடு பெயர்ந்து, அடியடுக்கில் இருந்த காம்ப்ளெக்ஸ் மூட்டைகள் ஈரம் குடித்துக் கட்டியாகிப் போயிருந்தன. கடப்பாரையால் தட்டினால் கல்லில் தட்டும் ஓசை. சம்சாரிகள் தனியார் கடையில் கடனுக்கு உரம் வாங்கி நடவை முடித்திருந்தனர். அந்தக் கடனுக்கு வட்டி வேறு. சங்க வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "ரெண்டு பேருமே நல்லவங்கதான் சார். ஆனா அது நாத்துக்குத் தெரியாதே."

கணக்குகளை முற்றும் பார்த்தோம். இருவரில் எவரும் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. கையாடல் நடந்திருந்தால் நமக்கு வேலை எளிது. அதற்கு வகைசெய்யும் பிரிவுகள் சட்டத்தில் உள்ளன. இங்கு நடந்ததோ அதிகாரப் போட்டி. நட்டம் அங்கத்தினர்களுக்கு; குற்றம் எவர்மேல் என்று ஒரு வரியில் எழுத முடியாத நட்டம்.

சட்டப்படி நிலைமை என்ன என்பதைச் சுருக்கமாகக் காண்போம். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1988 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு சங்கத்தின் இறுதி அதிகாரம் பொதுப்பேரவைக்கு, அதாவது அங்கத்தினர் அனைவருக்கும் உரியது. அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு சங்கத்தை நடத்துகிறது. செயலாளர் குழுவின் தீர்மானங்களை நிறைவேற்றும் ஊழியர். பணம், சரக்கு, பதிவேடு ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர்.

இதில் பலரும் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. அதிகாரம் குழுவுக்குத்தான், குழு என்பது கூடி அமர்ந்து தீர்மானம் எழுதும்போதுதான் குழு. கூட்டம் கலைந்தபின், துணைவிதிகள் தமக்கென்று தந்துள்ள சில கடமைகள் நீங்கலாகத் தலைவரும் ஓர் அங்கத்தினரே. தேநீர்க் கடையில் நின்றுகொண்டு ஒரு குழு அங்கத்தினர் இடும் உத்தரவுக்குச் செயலாளர் கட்டுப்பட வேண்டியதில்லை. அதுபோலவே, இருபது ஆண்டு வழக்கம் என்பது தீர்மானம் ஆகாது. நாம் மேலே சொன்ன சங்கத்தில் இருவரும் பாதி சரி, பாதி தவறு. தீர்மானமின்றி உரம் வாங்கியது செயலாளரின் பிழை. வந்து இறங்கிய சரக்கைக் குழுவைக் கூட்டாமல் தம் ஒப்பத்தால் மட்டும் தடுத்தது தலைவரின் பிழை. எல்லாவற்றினும் பெரிய பிழை காதுகுத்துக்குப் போன குழு அங்கத்தினர்களுடையது என்பது நம் கருத்து.

இவ்விருவரும் இசைந்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஆனந்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள், தங்கள் பாலைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்த போல்சன் என்ற தனியார் பண்ணையை எதிர்த்துப் பால் ஊற்ற மறுத்தனர். 1946 டிசம்பர் 14 அன்று அவர்களுடைய கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. தலைவர் திரிபுவன்தாஸ் படேல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர் ஊராக நடந்து சங்கங்களை அமைத்தவர். 1949 மே மாதத்தில் அரசுப் பால் பண்ணையில் வேலை பார்க்க ஆனந்துக்கு வந்து சேர்ந்தார் வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியியலாளர். இவர் நமக்கும் அந்நியர் அல்லர். கோழிக்கோட்டில் பிறந்து, கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிப்படிப்பும், சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் மேற்படிப்பும் முடித்தவர். ஆனந்தை விட்டு ஓடிவிட வேண்டும் என்பதே அப்போது அவருடைய எண்ணம். பழைய இயந்திரங்களோடு தவித்துக்கொண்டிருந்த ஒன்றியத்துக்கு உதவும்படி திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். சிலகாலம் இருப்போம் என்று தங்கியவர் ஆயுள் முழுதும் தங்கிவிட்டார்.

அவ்விருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட முறையை ஒவ்வொரு சங்கத்துத் தலைவரும் செயலாளரும் கவனிக்க வேண்டும். ஊர் மக்களின் நம்பிக்கை, புதிய சங்கங்கள் அமைத்தல், அரசியல்வாதிகளின் வற்புறுத்தலைத் தாங்கிக்கொள்ளுதல் ஆகியன தலைவரின் பொறுப்பு. இயந்திரம், ஊழியர், விற்பனை, கணக்கு ஆகியன மேலாளரின் பொறுப்பு. வேலைக்கு ஆள் சேர்க்கும்போது தலைவரின் உறவினர் என்ற பேச்சு எழவில்லை. சங்கத்துக்குள் கட்சி சேர்க்கும்போது மேலாளர் தலைகாட்டவில்லை. 1955 அக்டோபர் 31 அன்று புதிய பால் பண்ணையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். எருமைப் பாலிலிருந்து பால்பவுடர் செய்யும் முறையை எச். எம். தலாயா என்ற நிபுணர் அங்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1963-இல் திரிபுவன்தாசுக்கும் குரியனுக்கும், பம்பாய்ப் பால் திட்டத்தின் தாரா குரோடிக்கும் சேர்த்தே மகசேசே விருது வழங்கப்பட்டது. தலைவரும் மேலாளரும் ஒரே விருதை ஒன்றாகப் பெற்ற இதுபோன்ற காட்சி அரிது.

இதே கதையின் பிற்பகுதியை மறைத்துவிட்டால் பாடம் முழுமை பெறாது. மாவட்ட ஒன்றியங்கள் சேர்ந்து 1973-இல் குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பை அமைத்தன. அமுல் என்ற பெயரில் பொருள்களை விற்பது இதுவே. குரியன் அதன் தலைவரானார். 33 ஆண்டுகள் தலைவராகவே இருந்தார். அவர் பசுவோ எருமையோ வளர்த்தவர் அல்லர். பால் அருந்தும் வழக்கமும் அவருக்கு இல்லை! கூட்டமைப்பின் குழுவில் இருந்தவர்களோ மாவட்ட ஒன்றியங்களின் தலைவர்கள். உற்பத்தியாளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். தேசியப் பால்வள வாரியத்தில் குரியனுக்குப்பின் 1998-இல் தலைமை ஏற்ற அம்ரிதா படேலுக்கும் அவருக்கும், மாநிலக் கூட்டமைப்புகளோடு வாரியம் கூட்டு நிறுவனங்கள் தொடங்கலாமா என்பதில் கடும் வேற்றுமை எழுந்தது. அதன் எதிரொலி கூட்டமைப்பின் குழுவிலும் கேட்டது. தம்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரவிருந்த நிலையில், 2006 மார்ச் 20 அன்று குரியன் பதவி விலகினார். அப்போது அவருக்கு வயது 84. பனாஸ்காண்டா ஒன்றியத்தின் பார்த்தி பட்டோல் அடுத்த தலைவரானார்.

குரியனுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்போரும் உளர். உற்பத்தியாளர்களின் பிரதிநிதிகள் தங்கள் உரிமையைச் செலுத்தினர் என்போரும் உளர். நம்முடைய எண்ணத்தைக் கேட்டால், அவர் பத்தாண்டு முன்னரே தம் இடத்துக்கு ஒருவரை ஆயத்தம் செய்து ஒதுங்கியிருக்கலாம் என்போம். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே நாற்காலியில் இருப்பவருக்கு, தம் விருப்பம் எது, சங்கத்தின் விருப்பம் எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது. எனினும் இந்தப் பூசல் நடந்த நாள்களில் கேடா மாவட்டத்து ஊர்களில் காலையும் மாலையும் பால் அளந்து வாங்குவது நிற்கவில்லை. நம் ஊர்க் கிடங்கு மூன்று வாரம் மூடிக்கிடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தலைகள் மோதியபோதும் வேலை நடக்கும்படியான ஒழுங்கு அமைந்திருந்தது.

அதே கூட்டமைப்பில் இதற்குப்பின்னும் தகராறுகள் உண்டு. குழுவின் நம்பிக்கையை இழந்த தலைவர் விபுல் சவுத்ரியின் வழக்கில் 2015-இல் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லிற்று: துணைவிதிகளில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு வழி எழுதப்படாவிட்டாலும், தேர்ந்தெடுத்தவர்களுக்கு நீக்கும் உரிமையும் உண்டு, அது ஜனநாயக முறைக்கே இயல்பானது என்பதாகும். 2023 சனவரியில் நெடுநாள் மேலாண்மை இயக்குநராக இருந்த ஆர். எஸ். சோதியின் பணியைக் குழு முடிவுக்குக் கொண்டுவந்து, செயேன் மேத்தாவிடம் பொறுப்பை ஒப்படைத்தது.

பங்கு முதலீட்டுக் கம்பெனிகளிலும் இதே போட்டி நடக்கிறது. ஆனால் ஆட்டத்தின் விதி வேறு. அங்கே பங்குக்கு ஒரு வாக்கு. இங்கே தலைக்கு ஒரு வாக்கு. டாட்டா சன்ஸ் கம்பெனியில் ரத்தன் டாட்டாவுக்குப்பின் 2012 டிசம்பரில் தலைவரான சைரஸ் மிஸ்திரியை, 2016 அக்டோபர் 24 அன்று இயக்குநர் குழு பதவியிலிருந்து நீக்கிற்று. அவருடைய குடும்பத்தார்க்குக் கம்பெனியில் 18 விழுக்காட்டுக்கும் சற்று மேற்பட்ட பங்கு இருந்தது. டாட்டா அறக்கட்டளைகளுக்கோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நீக்கம் பற்றிய பொருள் நிகழ்ச்சிநிரலில் தனியே குறிக்கப்படாமல், "இதர பொருள்கள்" என்ற தலைப்பின்கீழ் எடுக்கப்பட்டது. வழக்கு நடந்தது. 2019 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மிஸ்திரிக்குச் சார்பாகத் தீர்த்தது. 2021 மார்ச் 26 அன்று உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, நீக்கம் செல்லும் என்றது.

இதைப் படிக்கும் குழு அங்கத்தினர்கள் தங்கள் சங்கத்துக் கூட்ட அறிவிப்பின் கடைசி வரியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். "தலைவர் அநுமதியுடன் கொண்டுவரப்படும் இதர பொருள்கள்" என்ற வரி அங்கும் இருக்கும். மாலை மயங்கி, பாதிப்பேர் எழுந்து போனபின், அவ்வரியின்கீழ் ஆள் நியமனமும், கட்டட ஒப்பந்தமும், சில வேளை செயலாளரின் தற்காலிகப் பணிநீக்கமுமே கூட நுழைந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

பெங்களூரின் இன்போசிஸ் கம்பெனியில் நடந்தது இன்னொரு விதம். நிறுவனர்களில் ஒருவர் அல்லாத விசால் சிக்கா 2014-இல் தலைமை நிர்வாகியானார். பதவியில் இல்லாத நிறுவனர் நாராயணமூர்த்தி, குழுவின் நிர்வாக முறையைப் பற்றி வெளிப்படையாகக் குறை கூறிவந்தார். விலகிச் சென்ற நிதி அதிகாரிக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை அவற்றுள் ஒன்று. 2017 ஆகஸ்டு 18 அன்று சிக்கா விலகினார். ஒரு வாரத்துக்குள் குழுத் தலைவர் சேஷசாயியும் விலக, மற்றொரு நிறுவனரான நந்தன் நிலேகனி தலைமை ஏற்றார். மூர்த்தி எழுப்பிய வினாக்கள் சரியா தவறா என்பதில் நாம் புகவில்லை. நாற்காலியை விட்டு இறங்கியவரின் செல்வாக்கு நாற்காலியில் இருப்பவரின் அதிகாரத்தைவிட ஓங்கி நிற்பது நம் ஊர்களிலும் உண்டு. முன்னாள் தலைவர் வீட்டுத் திண்ணையில் முடிவாகி, மறுநாள் சங்கத்தில் தீர்மானமாக எழுதப்படும் காரியங்கள் எத்தனை!

நெசவாளர் அன்பர்களுக்குக் கரூர் அறிமுகமான ஊர். அவ்வூரில் 1926-இல் வணிகர்கள் எழுவர் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. சிறு வியாபாரிகள், சம்சாரிகளின் பணத்தில் வளர்ந்தது. பெரிய கடன்கள் வாராக் கடனாகி, 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைக்கு உட்பட்டது. மூலதனம் தேடவேண்டிய வேளையில், 2020 செப்டம்பர் 25 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் மேலாண்மை இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினர். ஐந்தாம் நாள் திருச்சூரின் தனலட்சுமி வங்கியிலும் பங்குதாரர்கள் மேலாண்மை இயக்குநரை அவ்வாறே வெளியேற்றினர். தனலட்சுமி தப்பிப் பிழைத்தது. கரூர் வங்கி பிழைக்கவில்லை. நவம்பர் 17 அன்று பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் என வரம்பு கட்டப்பட்டு, நவம்பர் 27 அன்று சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளைக் கம்பெனியோடு அது இணைக்கப்பட்டது. வைப்புத்தொகைகள் காக்கப்பட்டன. பங்குத்தொகை முழுதும் துடைக்கப்பட்டது. தலைமுறையாகப் பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு காசும் இல்லை. அவ்வீழ்ச்சிக்கு வாராக் கடனே மூலம் என்பதை மறக்கலாகாது. பங்குதாரர்களின் சினமும் நியாயமானதே. அச்சினம் உரிய ஆண்டில் எழவில்லை என்பதே நம் வருத்தம்.

கூட்டுறவில் வேறோர் ஆபத்தும் உண்டு. இருவர் சண்டையிட்டால் மூன்றாமவர் வருவார். தமிழ்நாட்டில் 1976-இல் நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டுத் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபின், பெரும்பாலான சங்கங்கள் 1996 தேர்தல் வரை இருபது ஆண்டுகள் தேர்ந்தெடுத்த குழுவைக் காணவில்லை. 2001-இலும் குழுக்கள் கலைக்கப்பட்டன. இவை அரசின் பொது முடிவுகள். தனிச் சங்கத்தின் பூசலால் வந்தவை அல்ல. ஆயினும் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, கடமை தவறும் தனிச் சங்கத்தின் குழுவையும் கலைக்க வழிவகுக்கிறது. நாமும் அரசு ஊழியரே. தனி அலுவலர்களில் திறமையானவர் பலரை அறிவோம். எனினும் தனி அலுவலர் பதில் சொல்லவேண்டியது மேலிடத்துக்கே; அவரைக் கேள்வி கேட்கவோ நீக்கவோ அங்கத்தினருக்கு வாக்கு இல்லை. தலைவரையும் செயலாளரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் அங்கத்தினர் இழப்பது அந்த வாக்கையே.

அங்கத்தினர் செய்யக்கூடியது என்ன? பொதுப்பேரவையில் இலாபப் பங்கு எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், இவ்வாண்டில் குழு எத்தனை முறை கூடிற்று, எத்தனை முறை கோரம் இன்றிக் கலைந்தது, வராதவர் எவர் என்று கேட்கலாம். தீர்மானப் புத்தகத்தில் கொள்முதல் நாளும் தீர்மான நாளும் முன்பின்னாக இருந்தால், அங்கேதான் வியாதி தொடங்குகிறது. ஆண்டிப்பட்டிப் பக்கத்து நெசவாளர் சங்கத்தில் நூல் வாங்குவதானாலும், சின்னமனூர்ப் பக்கத்தில் உரம் வாங்குவதானாலும், எத்தொகை வரை செயலாளர் தாமே வாங்கலாம், அதற்குமேல் எவரைக் கேட்கவேண்டும் என்பதை ஆண்டின் முதற்கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிட்டால் பாதிச் சண்டை பிறவாது. பாவு ஓடி முடித்தபின் ஊடை நூலுக்குத் தலைவர் ஒப்பம் இல்லை என்று தறி நின்றால், அந்த வாரக் கூலி திரும்ப வருமா? செயலாளர்களுக்கும் ஒரு சொல்: சட்டத்துக்கு மாறான தீர்மானம் என்று கருதினால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள், வாயால் முணுமுணுத்துவிட்டுப் பின் நிறைவேற்றினால், 87-ஆம் பிரிவின்கீழ்த் தண்டத்தீர்வை வரும்போது குழுவுடன் நீங்களும் நிற்க நேரும்.

நாம் முதலிற் சொன்ன சங்கத்தில் முடிவு என்ன ஆயிற்று என்று அறிய விரும்புவீர்கள். நம் முன்னிலையில் குழு கூடிற்று. வெளியூர் சென்றவர்கள் திரும்பியிருந்தனர். வந்த உரத்துக்குப் பின்னேற்புத் தீர்மானம் எழுதப்பட்டது. செயலாளரின் கொள்முதல் வரம்பு குறிக்கப்பட்டது. அவசரத்தில் குழுவின் முன்னதாகவே தலைவரும் மற்றோர் அங்கத்தினரும் சேர்ந்து ஒப்புதல் தரலாம் என்றும், அடுத்த கூட்டத்தில் அதை வைக்கவேண்டும் என்றும் எழுதினர். கல்லாகிப்போன மூட்டைகளை என்ன செய்வது என்பதில்தான் வாதம் நீண்டது. நட்டத்தைச் சங்கக் கணக்கில் எழுதுவதா, இருவரிடமும் வசூலிப்பதா? தலைவர் தம் பங்கைத் தருவதாகச் சொன்னார். செயலாளர் சிறிதுநேரம் பேசாதிருந்து, தம் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "ஓடு பெயர்ந்ததற்கு நாங்களும்தானே பொறுப்பு" என்று குழு அங்கத்தினர் ஒருவர் மெல்லச் சொல்ல, மற்றவர்கள் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தனர். அவருடைய பெயரை முன்மொழிபவராகக் குறித்து, அத்தீர்மானத்தைச் செயலாளர் தம் கையாலேயே எழுதினார்.